கூடத்தில் நாயனம், அடுப்படியில் தவில்

ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாளில், விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் போகிற வழியில், முகையூர் வட்டாரத்தில் எந்த ஊரில் இறங்கினாலும் ஓர் இயற்பியல் பாடம் காதில் விழும். மாரியம்மன் கோயிலுக்கு எதிரே புளிய மரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர். நடுத்தெருக் கம்பத்தில் ஒன்று. பஸ் நிற்கிற இடத்தில் இன்னொன்று. மூன்றுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே பாட்டு. ஆனால் பஸ்ஸுக்காக நிற்பவருக்கு அம்மன் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் இரண்டு மூன்று முறை வந்து விழுகிறது. தலைக்கு மேலே இருக்கும் குழாய் பாடி முடித்ததைக் கோயில் குழாய் நிதானமாகத் திருப்பிச் சொல்கிறது.

மைக் செட்காரர் வேலையில் பிசகு ஒன்றும் இல்லை. ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டை 100 வோல்ட் அளவுக்கு ஏற்றித்தான் அவர் ஒயரில் அனுப்புகிறார். ஒவ்வொரு குழாயின் பின்னாலும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதை இறக்கிக்கொள்கிறது. மின்வாரியம் உயர் அழுத்தத்தில் மின்சாரம் அனுப்புவதும் இதே காரணத்துக்காகத்தான்: வோல்டேஜ் ஏறினால் கரண்ட் குறையும், கரண்ட் குறைந்தால் நீள ஒயர் சூடாகி வீணாவதும் குறையும். ஒயரில் சமிக்ஞை ஓடுகிற வேகத்துக்கு ஓர் ஊரின் நீளம் ஒரு பொருட்டே இல்லை; மூன்று குழாய்களும் ஒரே கணத்தில்தான் வாயைத் திறக்கின்றன. தாமதமெல்லாம் அதற்குப் பிறகு காற்றில் நேர்வது. காற்றில் ஒலியின் வேகம் 0 டிகிரியில் நொடிக்கு 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும். 35 டிகிரி வெயிலில் 352 மீட்டர். 200 மீட்டர் தள்ளி இருக்கும் கோயில் குழாயின் சத்தம் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து சேர 0.57 நொடி ஆகிறது. அதற்குள் பாடகி அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்.

இந்த அத்தியாயம் வீட்டுக்குள் ஒயர் இழுக்காமல் பாட்டு கேட்கும் ஏற்பாட்டைப் பற்றியது. கூடத்தில் ஒரு ஸ்பீக்கர், அடுப்படியில் ஒன்று, தெருத் திண்ணையில் ஒன்று. போனில் ஒரு பாட்டைத் தொட்டால் மூன்றும் சேர்ந்து பாட வேண்டும். இதை வேகமான இன்டர்நெட் சமாச்சாரம் என்றே பலரும் நினைக்கிறார்கள், கடைகளிலும் அப்படியே சொல்லி விற்கிறார்கள். பாட்டை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கொண்டுபோவது இன்றைக்கு மிகச் சுலபம். மூன்று பெட்டிகளுக்கும் 'இப்போது' என்பது ஒரே கணமாக இருக்கும்படி செய்வதில்தான் வேலை இருக்கிறது.

முதலில் காதுக்கு எவ்வளவு பொறுமை உண்டு என்று பார்த்துவிடலாம். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949இல் இதைத்தான் ஆய்வேடாக எழுதினார். ஒரே பேச்சை இரண்டு ஸ்பீக்கர்களில் விட்டு, ஒன்றைச் சற்றே தாமதித்தார். தாமதம் சுமார் 30 மில்லி நொடிக்குள் இருக்கும்வரை கேட்பவர்களுக்கு இரண்டு குரல் கேட்கவில்லை. முதலில் வந்த திசையிலிருந்து ஒரே குரல்தான் வருவதாகச் சொன்னார்கள். பின்னால் வரும் குரல் முதல் குரலைவிடக் கொஞ்சம் உரக்க இருந்தாலும் அப்படியே. மூளை இரண்டாவதைத் தனி ஓசையாகக் கணக்கில் எடுப்பதில்லை. சுவரில் பட்டு எதிரொலிக்கும் ஓசைகளையெல்லாம் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் ஓர் அறைக்குள் இரண்டு பேர் பேசிக்கொள்ள முடியாது என்பதால் இந்த ஏற்பாடு நமக்குள் இருக்கிறது.

ஆனால் எல்லா ஓசைக்கும் ஒரே பொறுமை இல்லை. நாயனத்தின் நீண்ட கார்வைக்குக் காது நிறைய இடம் கொடுக்கும். 50, 60 மில்லி நொடி பிசகினாலும் ஏதோ பெரிய மண்டபத்தில் வாசிப்பது போலத் தோன்றுமே தவிர உறுத்தாது. தவில் அப்படியில்லை. தொப்பியில் விழும் ஒவ்வொரு அடியும் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்குகிறது. இவ்வளவு கூர்மையான ஓசை 10 மில்லி நொடி பிசகினாலே தடித்துப் போகும். 20ஐத் தாண்டினால் ஒரு அடி இரண்டாகக் கேட்கத் தொடங்கும். தனி ஆவர்த்தனத்தில் அது சகிக்காது. அதனால் வீட்டு ஸ்பீக்கர்களைச் சோதிக்க மெலடிப் பாட்டுப் போட்டுப் பிரயோசனமில்லை, தவிலோ பறையோ போடுங்கள். குறை இருந்தால் முதல் அடியிலேயே தெரிந்துவிடும்.

வீட்டுக்குள் காற்றினால் வரும் தாமதம் அற்பம். கூடத்திலிருந்து அடுப்படிக்கு 7 மீட்டர் என்றால் 20 மில்லி நொடி, நடுவில் சுவர் வேறு சத்தத்தை அமுக்கிவிடுகிறது. ஆகவே இரண்டு அறைப் பாட்டும் பிசகிக் கேட்டால் குற்றம் காற்றின் மேல் இல்லை. கருவிகள் இரண்டும் 200 மில்லி நொடி விலகி ஓடினால், காதைப் பொறுத்தவரை அடுப்படி 70 மீட்டர் தள்ளிப் போய்விட்டது என்று அர்த்தம். முகையூரில் அவ்வளவு நீள வீடு யாருக்கும் இல்லை.

இதில் வேடிக்கை, நம் தாத்தா பாட்டி காலத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. வானொலி கோலோச்சிய நாட்களில் மாலை நேரத்தில் தெருவில் நடந்தவர்களுக்கு இது தெரியும்: ஒரு வீட்டு வாசலில் கேட்ட பல்லவி அடுத்த வீட்டு வாசலில் அனுபல்லவியாகத் தொடரும், ஒரு சொல்கூட விட்டுப் போகாது. புதுச்சேரி நிலையமோ இலங்கை வானொலியோ, எல்லா வீட்டுப் பெட்டியும் ஒரே கணத்தில் பாடின. யாரும் அதற்காக மெனக்கெடவில்லை. ரேடியோ அலை ஒரு மில்லி நொடியில் 300 கிலோமீட்டர் போகிறது. பெட்டிக்குள் அந்த அலை நேரே மின்சாரமாகி, நேரே ஸ்பீக்கர் காகிதத்தை ஆட்டியது. நடுவில் நின்று நிதானிக்கிற இடமே இல்லை. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி சென்னை மாகாண வானொலிச் சங்கத்தைத் தொடங்கி, வெறும் 40 வாட் டிரான்ஸ்மிட்டரை வைத்து ஒலிபரப்பியபோதும் கேட்டவர்கள் அனைவரும் ஒரே கணத்தில்தான் கேட்டார்கள். கரகரப்பு இருந்திருக்கும், பிசகு இருந்திருக்காது.

டிஜிட்டல் வந்து அந்தச் சௌகரியத்தைப் பறித்துக்கொண்டது. ஐ.பி.எல். நடக்கும் இரவில் பக்கத்து வீட்டில் 'சிக்ஸ்' என்று கத்திய பிறகு உங்கள் போனில் பவுலர் ஓடி வருகிறாரா? அதுதான் விஷயம்.

டிஜிட்டலில் பாட்டு எண்களாக மாறுகிறது. சி.டி. தரத்தில் நொடிக்கு 44,100 முறை ஒலியலையின் உயரம் அளக்கப்படுகிறது. ஒவ்வொரு அளவுக்கும் 16 பிட், இடது வலது இரண்டு பக்கம். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். 4 நிமிடப் பாட்டுக்கு 42 மெகாபைட். காதுக்கு எப்படியும் எட்டாத விவரங்களைக் கழித்துவிட்டு எம்.பி.3 போன்ற முறைகள் இதை நொடிக்கு 3,20,000 பிட்டாகவோ 1,28,000 பிட்டாகவோ சுருக்குகின்றன. உரத்த தவில் அடியின் நிழலில் விழும் மெல்லிய சுருதி ஓசையைக் காது எப்படியும் பிடிக்காது, ஆகவே அதைத் துல்லியமாக எழுதி வைக்கத் தேவையில்லை என்பதுதான் அவற்றின் கணக்கு. பிறகு இந்த எண்கள் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வைஃபையில் போகின்றன. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். காலியாக இருக்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு கருவியும் வாய் திறக்கும். இரண்டு பேர் சேர்ந்து பேசிவிட்டால் இரண்டும் கெட்டு, மறுபடி அனுப்ப வேண்டும். அதனால் ஒரு பொட்டலம் 2 மில்லி நொடியில் வரும், அடுத்தது 80 மில்லி நொடி கழித்து வரும், அதற்கடுத்தது வராமலே போய்த் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

இப்படி ஒழுங்கில்லாமல் வருவதை அப்படியே பாடினால் பாட்டு விக்கும். ஆகவே ஸ்பீக்கர் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு பாடுகிறது. ஊராட்சி மேல்நிலைத் தொட்டிக்கும் இதுதான் வேலை: கரண்ட் வந்தபோது மோட்டார் ஏற்றும், வராதபோது ஏற்றாது, ஆனால் தெருக்குழாயில் தண்ணீர் ஒரே சீராக விழும். இந்தத் தொட்டிக்குத்தான் பஃபர் என்று பெயர். 320 கிலோபிட் பாட்டுக்கு ஒரு நொடி பஃபர் என்பது வெறும் 40 கிலோபைட். நினைவகத்தைப் பொறுத்தவரை அது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ஒரு நொடி, ரேடியோவில் இல்லாத ஒரு நொடி. ஒரு பெட்டி முக்கால் நொடி சேர்த்ததும் பாடத் தொடங்கினால், இன்னொன்று ஒன்றேகால் நொடி காத்திருந்தால், கூடத்தில் நாயனம் பாடி முடித்த இடத்தை அடுப்படியில் தவில் இனிமேல்தான் தொடும்.

சேர்த்து வைத்துக்கொண்டு பாடுவது என்பதன் கடைக்கோடி உதாரணம் நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரியை அடுத்த வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. கிராமங்களில் டெலிபோன் இணைப்பு நம்பும்படியாக இல்லாததால் வி.எச்.எஃப். வாக்கி டாக்கி ரேடியோக்களைக் கம்ப்யூட்டரோடு இணைத்துத் தகவல் அனுப்பினார்கள். மின்வெட்டுக்குச் சூரியத் தகடுகள். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியிருந்தது அடுத்த நாள் கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற செய்தி. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அது இருந்தது. வில்லியனூரில் அதை எடுத்து, தமிழில் பேசிப் பதிவு செய்து, ஒலிக்கோப்பாகக் கிராமத்துக்கு அனுப்பி, ஒலிபெருக்கியில் போட்டார்கள். கோப்பு முழுதும் வந்து சேரும்வரை காத்திருந்து, பிறகு பாட விடுவது: பஃபரை முழுப் பாட்டின் நீளத்துக்கு நீட்டினால் அதுதான். மெதுவான இணைப்பில் வேறு வழியும் இல்லை. அந்தக் காலத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லா இணைப்பு கிராமங்களுக்கு 35 அல்லது 70 கிலோபிட்தான் தந்தது. 128 கிலோபிட் பாட்டுகூட அதில் நேராக ஓடாது.

அந்த மையங்களில் ஒன்று நல்லவாடு. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்குப் போன் செய்ய, ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்டு ஊர் மக்கள் கடற்கரையை விட்டு ஓடித் தப்பினார்கள். அலை உயரத்தைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்த ஏற்பாட்டை அன்று அதற்குப் பயன்படுத்தினார்கள்.

வீட்டுக்கு வருவோம். வீட்டுக்குள் கார்டெக்ட் காலத்துப் பஞ்சம் இல்லை. சாதாரண வைஃபை ரவுட்டர் நொடிக்குப் பல கோடி பிட் தள்ளும், சி.டி. தரப் பாட்டுக்கு அதில் மிகச் சின்னப் பங்கு போதும். பாட்டு உங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்கிலேயே இருந்தால் இன்டர்நெட் டேட்டா ஒரு துளிகூடச் செலவாகாது. வேகம் பற்றாமல் பாட்டு நிற்பது அபூர்வம். நடுநடுவே விழும் இடைவெளியால்தான் நிற்கிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் ரவுட்டர் உட்கார்ந்திருக்கும் இடம்.

கேபிள்காரர் எங்கே ஓட்டை போட்டாரோ அங்கேதான் நம் வீடுகளில் ரவுட்டர் இருக்கிறது. டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால், அல்லது பீரோ மேலே. இரும்பு பீரோவைவிட மோசமான இடம் கிடையாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், உலோகத் தகடு அதற்கு முழுச் சுவர். பீரோவின் முதுகுப் பக்கம் விழும் நிழலில்தான் பல வீடுகளில் அடுப்படி இருக்கிறது. செங்கல் சுவர் அலையைக் கொஞ்சம் தின்னும், கம்பி கட்டிய கான்கிரீட் அதிகம் தின்னும், தண்ணீர் நிரம்பிய சின்டெக்ஸ் தொட்டி இன்னும் அதிகம். பழைய ஓட்டு வீட்டின் மண் சுவர் தடிமனாக இருந்தாலும் உள்ளே கம்பி இல்லை. கூரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி வேறு உண்டு. மெத்தை வீடு கட்டியவர்கள்தான் வைஃபை விஷயத்தில் அதிகம் அவதிப்படுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் நெரிசல் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டுவதில் அது இன்னும் பலவீனம். பக்கத்து வீட்டு வைஃபை ஒன்றிரண்டே தெரிகிற ஊரில், அறைக்கு அறை போகும் பாட்டுக்கு 2.4 போதும் என்பது என் கட்சி. ரவுட்டரை வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், பீரோவை விட்டுத் தள்ளி ஆணியில் மாட்டுங்கள். புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

இந்த 2.4 கிகாஹெர்ட்ஸை யார் வேண்டுமானாலும் வீட்டில் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்தது 2005 ஜனவரியில்தான். அதற்கு ஒரு தலைமுறை முன்னால் பாட்டு கேட்க மட்டும் உதவும் ரேடியோவுக்கே தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய நாடு இது. இப்போது வீட்டுக்கு வீடு டிரான்ஸ்மிட்டர் வைத்திருக்கிறோம்.

புளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறதே, அதை வாங்கி வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். ஓர் அறைக்கு, ஒரு போனுக்கு, அது போதும். புளூடூத் அதே 2.4 அலைவரிசையை 79 வாய்க்கால்களாகப் பிரித்து, நொடிக்கு 1,600 முறை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. வைஃபை நெரிசலுக்கு நடுவிலும் அது பிழைப்பது அதனால்தான். ஆனால் அதன் சக்தி குறைவு, இரண்டாவது சுவரிலேயே திணறும். போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனால் பாட்டும் கூடவே நின்றுவிடும். முக்கியமாக, ஒவ்வொரு கம்பெனி ஸ்பீக்கரும் தனக்குத் தோன்றிய அளவு தாமதம் வைத்துக்கொள்கிறது. 100 மில்லி நொடி ஒன்றில், 250 இன்னொன்றில். ஒரே கம்பெனியின் இரண்டு பெட்டிகளை இணைத்தால் ஒத்துப்போகும், கலந்து கட்டினால் போகாது.

இனி மையமான விஷயம். மூன்று பெட்டிகளும் தங்களுக்குள் எப்படி நேரத்தை ஒப்பிட்டுக்கொள்கின்றன? பாட்டை அனுப்பும் கம்ப்யூட்டர், அதை சர்வர் என்போம், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நேரத்தை எழுதி அனுப்புகிறது: இதை 7 மணி 5 நிமிடம் 10.200 நொடிக்குப் பாடு. துண்டு முன்பின்னாக வந்தாலும் பரவாயில்லை, பாட வேண்டிய நேரத்துக்கு முன்னால் கைக்கு வந்துவிட்டால் சரி. இது வேலை செய்ய, ஸ்பீக்கரின் கடிகாரமும் சர்வரின் கடிகாரமும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது தெரிய வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் நேரம் ஓடிவிடுகிறது.

டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கர் 1985இல் வெளியிட்ட என்.டி.பி. முறை இதற்கு வழி சொன்னது. உலகத்துக் கம்ப்யூட்டர்கள் இன்றும் மணி பார்ப்பது அதன் வழிவந்த முறையில்தான். நான்கே நான்கு நேரங்கள் போதும். அடுப்படி ஸ்பீக்கர் தன் கடிகாரத்தில் 100 மில்லி நொடி காட்டும்போது கேள்வி அனுப்புகிறது. சர்வரின் கடிகாரத்தில் 350 காட்டும்போது அது வந்து சேர்கிறது, 351இல் பதில் கிளம்புகிறது. பதில் வந்தபோது ஸ்பீக்கரின் கடிகாரம் 109. போக வர ஆன மொத்த நேரம் 9, அதில் சர்வரிடம் தங்கியது 1, ஆக வழியில் கழிந்தது 8. போக 4, வர 4 என்று வைத்தால், கேள்வி சர்வரைத் தொட்டபோது ஸ்பீக்கரின் கடிகாரம் 104 காட்டியிருக்கும். சர்வர் 350 காட்டியது. வித்தியாசம் 246 மில்லி நொடி. இதில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: போகும் வழியும் வரும் வழியும் ஒரே நேரம் எடுக்கும் என்பது. வைஃபையில் அப்படி இருக்காது. அதனால் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, சீக்கிரம் போய் வந்த பதில்களை மட்டும் நம்புகிறார்கள். நெரிசலில் மாட்டாத பொட்டலம் பொய் சொல்லும் வாய்ப்பு குறைவு.

ஒரு முறை ஒப்பிட்டுவிட்டால் முடிந்ததா என்றால், இல்லை. கடிகாரங்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல் அதிர்கிறது, சி.டி. தரத்துக்கான கருவிகளில் பெரும்பாலும் நொடிக்கு 1,12,89,600 முறை, அதாவது 44,100இன் 256 மடங்கு. மலிவான கிரிஸ்டல்கள் பத்து லட்சத்துக்கு 20 முதல் 50 வரை முன்னும் பின்னும் பிசகும். சூடு ஏறினாலும் சற்று மாறும். சித்திரை வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே இருக்கும் திண்ணை ஸ்பீக்கரும் கூடத்து ஸ்பீக்கரும் ஒத்துப்போகாது. இரண்டுக்கும் நடுவே பத்து லட்சத்துக்கு 40 வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் 2.4 மில்லி நொடி விலகும். ஒரு மணி நேரத்தில் 144. மூன்று மணி நேரக் கச்சேரியில் மங்களம் வரும்போது ஒரு ஸ்பீக்கர் இன்னொன்றைவிட 0.43 நொடி பின்தங்கியிருக்கும். கோயில் குழாய்க்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் இருந்த தூரத்தில் முக்கால்வாசி அது.

இதைச் சரிக்கட்டும் விதம் எனக்குப் பிடித்தமானது. பின்தங்கும் ஸ்பீக்கர், தனக்கு வரும் நொடிக்கு 44,100 அளவுகளில் ஒன்றிரண்டைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. முந்தும் ஸ்பீக்கர் ஒன்றிரண்டைக் கூடச் சேர்த்துக்கொள்கிறது. 44,100இல் இரண்டு போனதை எந்த வித்வானாலும் கண்டுபிடிக்க முடியாது. ஸ்னாப்காஸ்ட் என்ற இலவச நிரல் இப்படித்தான் செய்கிறது: பாட்டை 20 மில்லி நொடித் துண்டுகளாக நறுக்கி, நேரம் குறித்து அனுப்பி, வழக்கமாக ஒரு நொடி பஃபர் வைத்து, ஸ்பீக்கர்களை 0.2 மில்லி நொடிக்குள் நிறுத்திவிடும். தவிலுக்குத் தேவையான துல்லியத்தைப் போல 50 மடங்கு.

அறைக்கு அறை என்றால் இது தாராளம். ஒரே அறையில் இடது ஸ்பீக்கர் தனி, வலது ஸ்பீக்கர் தனி என்று வைத்தால் கதை வேறு. ஓசை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை மூளை, இரு காதுக்கும் நடுவே உள்ள நேர வித்தியாசத்தைக் கொண்டும் கணிக்கிறது. அது அதிகபட்சமே 0.7 மில்லி நொடிக்குள்தான். அங்கே 0.2 பிசகினால் நடுவில் உட்கார்ந்து பாட வேண்டியவர் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுவார். ஸ்டீரியோ ஜோடிக்கு ஒரே பெட்டி, அதிலிருந்து இரண்டு ஒயர். இதில் பிடிவாதமாக இருங்கள்.

என்னென்ன வாங்குவது? சர்வருக்குப் பழைய லேப்டாப் போதும். இல்லையென்றால் ஒரு ராஸ்பெர்ரி பை. 1 டெராபைட் டிஸ்கில் 10 மெகாபைட் பாட்டுகள் 1 லட்சம் அடங்கும். பாட்டைத் தேர்ந்தெடுத்து ஓட்ட எம்.பி.டி. என்ற நிரல், அதன் பின்னால் ஸ்னாப்காஸ்ட். அறைக்கு அறை ஒரு பை ஜீரோ, அதற்கு ஒரு சின்ன ஒலி அட்டை. அல்லது, இன்னும் மலிவாக, திரை உடைந்து மேஜை டிராயரில் கிடக்கும் ஆண்ட்ராய்டு போன். ஸ்னாப்காஸ்ட் அதிலும் ஓடும். இரவும் பகலும் சார்ஜரிலேயே கிடந்தால் பேட்டரி உப்பிவிடும் என்பதால் போனை மாதத்துக்கு ஒரு முறை திருப்பிப் பாருங்கள்.

ஆம்ப்ளிஃபயருக்கு வெளிநாட்டுப் பெயரெல்லாம் வேண்டாம். எந்த ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் 4440 ஐ.சி. போர்டு கிடைக்கும். சான்யோ கம்பெனி கார் ஸ்டீரியோவுக்காகச் செய்த சில்லு அது. ஒரு பக்கத்துக்கு 6 வாட், இரண்டையும் பிணைத்தால் 19 வாட். டூரிஸ்ட் வேன் முதல் ஆட்டோ வரை தமிழ்நாட்டைப் பாட வைத்ததே அதுதான். காருக்காகச் செய்தது என்பதால் 12 வோல்ட் பேட்டரியில் நேராக ஓடும், மின்வெட்டுக்கு அதைவிட என்ன வேண்டும்? ரவுட்டருக்கும் 12 வோல்ட் யு.பி.எஸ். தனியாக விற்கிறார்கள். பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டைக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் போட்டதும் வோல்டேஜ் இறங்கி ரவுட்டர் ஒரு முறை செத்துப் பிழைத்தால், பஃபரில் இருக்கும் ஒரு நொடி எதற்கும் காணாது. போர்டையும் பையையும் ஒரே அடாப்டரில் மாட்டாதீர்கள். பை யோசிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'கீ' என்று ஒரு கொசு பாடும். இரண்டு அடாப்டர், இரண்டு பிளக்.

எல்லாம் தயாராகக் கிடைக்கும் கம்பெனி ஸ்பீக்கர்களை வாங்கக்கூடாதா? வாங்கலாம், நன்றாகவே இருக்கும். சோனோஸ் 2005இலிருந்து இந்த வித்தையை நேர்த்தியாகச் செய்துவருகிறது; ஆப்பிளும் கூகுளும் தங்கள் பங்குக்குச் செய்தார்கள். ஆனால் கூகுள் 2015இல் கொண்டுவந்த குரோம்காஸ்ட் ஆடியோ என்ற அருமையான சின்ன வட்டத்தைச் சில வருடங்களிலேயே கைவிட்டது. ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற முன்னோடிக் கருவியை லாஜிடெக் வாங்கி, 2012இல் நிறுத்தியது. அதில் ஒரு திருப்பம்: ஸ்குவீஸ்பாக்ஸின் சர்வர் நிரல் திறந்த மூலமாக இருந்ததால் ஆர்வலர்கள் அதை விடவில்லை, லிரியன் என்ற பெயரில் இன்றும் ஓடுகிறது, அந்தப் பழைய பெட்டிகளும் கூடவே பாடுகின்றன. நிரலை மூடி வைத்திருந்தால் அவை பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

கடைசியாகச் சோதனை. நொடிக்கு ஒரு முறை 'டக்' என்று அடிக்கும் தாளக் கோப்பு ஒன்றை எல்லா ஸ்பீக்கர்களிலும் ஓட விட்டு, கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே நிலைப்படியில் நில்லுங்கள், இரண்டு ஸ்பீக்கரும் சம தூரத்தில் இருக்கும்படி. ஒரே 'டக்' கேட்டால் சரி. 'டடக்' என்றால் ஸ்னாப்காஸ்டில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகத் தாமதத்தை மில்லி நொடியில் கூட்டிக் குறைக்க இடம் இருக்கிறது. பத்துப் பத்தாக மாற்றி, ஒன்றாகச் சேர்ந்ததும் ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். ஆண்ட்ராய்டு போன்களுக்குத்தான் இது பெரும்பாலும் தேவைப்படும், ஒலியைத் தாங்களே கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் அவற்றுக்கு உண்டு. ஒரே போன் வரைக்கும் எண் அதிகம் மாறாது என்பதால், கிடைத்த எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதி அந்தப் போனின் முதுகில் ஒட்டிவிட்டால் அடுத்த முறை நிலைப்படியில் நிற்க வேண்டியதில்லை.